டீக்கடைச் சுவரில் ஒரு ஜனாதிபதி

என் பெயரை முதல் தடவையிலேயே சரியாகக் காதில் வாங்கிக்கொண்டவர்கள் இந்த நாற்பத்து மூன்று வருஷத்தில் மூன்று பேர்கூட இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு படிக்கும் டீச்சர் என் முறை வந்ததும் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். ரேஷன் கார்டில் ஒரு ஆள், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு ஆள் என்றுதான் இன்றும் இருக்கிறேன். பெண் பார்க்க வந்த முதல் குடும்பம், "நீங்க கிறிஸ்டினுங்களா?" என்று கேட்டது. இல்லை என்றதும், "அப்ப இன்னா பேரு இது?" என்றார்கள். என் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அது ஒரு ஜனாதிபதி பேரு" என்றார். அவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. "அவங்களுக்குக் குடுத்து வெக்கல" என்றார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கிற ஒடுங்கின பகுதியில் இருக்கிறது அந்த ஜனாதிபதியின் குட்டி நாடு. உலகப் படத்தில் சுண்டுவிரலை வைத்தால் மறைந்துபோகும். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். இருபது வருஷமாகக் கண்டங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். பாடப் புத்தகத்தில் அந்த நாட்டுக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் அந்த நாட்டை ஆண்டவரின் வாழ்க்கை, என் சொந்தச் சித்தப்பா வாழ்க்கையைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சுமந்தது போதும்.

இந்தக் கதையில் இருக்கிற மற்ற இருவர் அப்பாவும், நான் ஆவடி மாமா என்று கூப்பிடுகிறவரும். மாமா உறவில்லை. அப்பாவின் சிநேகிதர். பாடியில் அப்போது இருந்த ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சென்னீர்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் அப்பா. எட்டாம் வகுப்போடு சரி. மாமா ஆவடி, கத்தோலிக்கக் குடும்பம், பத்தாவது பாஸ். அந்த இரண்டு வகுப்பு வித்தியாசத்தை மாமா இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை. "படிச்சவன் சொல்றேன், கேளு மாமே" என்றுதான் எந்த வாக்குவாதத்தையும் தொடங்குவார்.

ஜனாதிபதி இவர்களுக்குக் கிடைத்தது யூனியன் ஆபீசில். யாரோ விட்டுப்போன ஒரு மெல்லிய தமிழ்ப் பத்திரிகையில் ஒரு படம் போட்டிருந்தது. மலை கிராமம் ஒன்றில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்த கிழவர்கள் நான்கு பேர் சிலேட்டில் எழுதுகிறார்கள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒல்லியான ஆசாமி குனிந்து ஒரு கிழவரின் கையைப் பிடித்து எழுத வைக்கிறார். அவர்தான். அடியில் அவர் கதை இருந்தது. காபித் தோட்டக் கூலிக்குப் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். பகலில் பிள்ளைகளுக்கும் சாயங்காலம் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததும் தோட்டக்காரர்கள் கூலிச் சீட்டைப் படித்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள். அதற்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். அங்கே ஒரே அறையில் ஒரு அச்சுத் தொழிலாளியோடு ஏழு வருஷம். வெளியே வந்து, தேர்தலில் நின்று, நாட்டுக்கே தலைவரானார்.

அப்பா இதற்குமேல் தன் கைச்சரக்கையும் சேர்த்துக்கொள்வார். ஜனாதிபதி காலையில் பழைய சோறுதான் சாப்பிடுவார் என்பார். அவர் ஊர் ஏரி நம் அம்பத்தூர் ஏரியைவிடக் கொஞ்சம் பெரியது என்பார். "அது எந்தப் பேப்பர்ல வந்துச்சு நைனா?" என்று கேட்டால், "எல்லாமே பேப்பர்ல வருமா?" என்பார்.

படத்தைப் பார்த்த மறு வாரமே இரண்டு பேரும் பட்டறையில் சாப்பாட்டு நேர வகுப்பு தொடங்கிவிட்டார்கள். உருக்கின இரும்பை ஊற்ற அச்சு செய்கிற மணல் அங்கே குவிந்து கிடக்கும். அதைத் தரையில் தட்டிப் பரப்பி, மாமா விரலால் 'அ' எழுதிக் காட்டுவார். சுற்றிக் குந்தியிருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு 'அ' எழுதுவார்கள். கூட்டல் கழித்தல் அப்பாவின் பொறுப்பு. மணி அடித்ததும் மணலைத் தட்டிவிட்டால் எழுத்து அழிந்துபோகும். மணல் மறுபடி அச்சுக்குத் தயார். சிலேட்டும் வேண்டாம், சாக்பீசும் வேண்டாம். அப்படி எழுதக் கற்றுக்கொண்டவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள் என்று மாமா சொல்வார். அப்பா கணக்கில் அது ஐம்பது.

பிறகு ஒரு வேலைநிறுத்தம் வந்தது. இரண்டு பேரும் பதினோரு நாள் ஜெயிலில் இருந்தார்கள். ஒரே அறை. ஜனாதிபதியும் அச்சுத் தொழிலாளியும் மாதிரியே என்று அதை இருவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த வருஷக் கடைசியில் நான் பிறந்தேன். முதலில் பிறக்கிற பிள்ளைக்கு ஜனாதிபதி பெயர் என்று இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்களாம். பிறந்தது பெண் என்று தெரிந்ததும் அம்மா நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறாள். அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. "பொண்ணுன்னா இன்னா, ஜனாதிபதி ஆவ மாட்டாளா?" என்று மாமாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து மாமாவுக்குப் பையன் பிறந்தான். அவனுக்குப் புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். தப்பித்தான்.

மாமா எங்கள் வீட்டுக்கு வராத ஞாயிற்றுக்கிழமை என் சிறுவயதில் கிடையாது. பூசை முடிந்து சட்டை கசங்காமல் வருவார். அம்மா வைக்கிற வடகறியில் முகம் புதைத்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையக் கல்கல் பலகாரம் வரும். பொங்கலுக்கு அதே தூக்கு இங்கிருந்து போகும். அப்பாவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஜனாதிபதியைப் பற்றி எந்தத் தாளில் என்ன வந்தாலும் மாமா வெட்டிக்கொண்டு வருவார், அப்பா ஒட்டுவார். சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஒட்டி, அந்த நோட்டை எறும்பு பாதி தின்றிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது அப்பாவுக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனாதிபதி ஒரு முறை ஆண்டார், நன்றாக ஆண்டார். இரண்டாம் முறையும் ஜெயித்தார். மூன்றாம் முறைக்குச் சட்டத்தில் இடமில்லை, சட்டத்தை மாற்றினார். நான்காம் முறை நின்றபோது, அவரோடு ஏழு வருஷம் சிறையில் இருந்த அச்சுத் தொழிலாளி, "போதும் தோழா, வேறு யாராவது வரட்டும்" என்று எதிர்த்து நின்றார். ஜனாதிபதி அவரைப் பிடித்து உள்ளே போட்டார். பழைய சிறை, பழைய அறை என்று பேப்பரில் எழுதியிருந்தார்கள்.

இங்கே பாடியில் அப்பா மூன்று முறை யூனியன் தலைவராக இருந்துவிட்டு நான்காம் முறையும் நின்றது, அதே மாதம்தான். எதிர்த்து நின்றவர் மாமா. "எளசுங்க யாராச்சும் வரட்டும்னு சொன்னேன், நீ கேக்கல. அதான் நானே நிக்கிறேன்" என்றார். அப்பா கமிட்டியைக் கூட்டினார். கட்டுப்பாட்டை மீறியதற்காக மாமாவை யூனியனிலிருந்து நீக்குவதாக ஒரு காகிதம் அச்சாகி, பட்டறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கீழே அப்பாவின் கையெழுத்து. மணலில் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

அன்று சாயங்காலம் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் மாமா ஜனாதிபதி செய்தி வந்த பேப்பர் துண்டை அப்பா முன்னால் வைத்தார். "இத்த நோட்டுல ஒட்டு மாமே. கூட ஜெயில்ல கெடந்தவன உள்ள தள்ளிக்கீறான் உன் ஜனாதிபதி. நீ வெளிய தள்ளிக்கீற. அவ்ளோதான் வித்தியாசம்."

அப்பா, அது வெள்ளைக்காரப் பத்திரிகையின் பொய் என்றார். மாமா, "பலகைல ஒட்டிக்கீதே, அதுவும் வெள்ளக்காரன் எயுதினதா?" என்றார். அப்பா டீயைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

தேர்தலில் அப்பாவே ஜெயித்தார். அதற்குப் பிறகு இருவரும் பதினேழு வருஷம் பேசவில்லை. கல்கல் தூக்கு வரவில்லை. அம்மா அந்த வருஷப் பொங்கலுக்குப் பழக்கதோஷத்தில் தூக்கைத் துலக்கி வைத்தாள், பிறகு அரிசி கொட்டிவைக்க எடுத்துக்கொண்டாள். பட்டறை மூடி, அந்த இடத்தில் கிடங்கு வந்தது. யூனியனே இல்லை. தலைவர் பதவியும் போச்சு, சிநேகிதமும் போச்சு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தவறு செய்ததாக அப்பா ஒத்துக்கொண்டதில்லை. நான் கேட்டால், "உனக்கு அரசியல் புரியாது" என்பார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறவளைப் பார்த்து!

டீக்கடையை மட்டும் இருவரும் விடவில்லை. அப்பா தினமும் சாயங்காலம் போவார். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் பூசை முடிந்து, ஆவடியிலிருந்து பஸ் ஏறி வருவார். ஒருவர் நேரத்தில் இன்னொருவர் போக மாட்டார். யாரும் பேசி வைத்ததில்லை, ஒரு நாளும் தவறியதுமில்லை. டீ மாஸ்டர்தான் நடுவில் தபால்காரர். "உங்காளு வந்துட்டுப் போனாரு. முட்டி வலியாம்" என்பார். அப்பா காதிலேயே விழாத மாதிரி டீயை ஆற்றுவார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "முட்டி வலிக்கு நீ பூசிக்கறியே, அது இன்னா தைலம்?" என்று கேட்பார். மறுநாள் அந்தத் தைலம் டீ மாஸ்டர் கைக்குப் போயிருக்கும். யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. மாமாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சென்ற வருஷம் ஒரு நாள் டிவியில் கீழே ஓடுகிற எழுத்து வரிசையில் ஜனாதிபதி இறந்த செய்தி வந்தது. தங்கம் விலைக்கும் மழை அறிவிப்புக்கும் நடுவில் ஒரே வரி. ஆட்சி போய், வேறொரு நாட்டில் மகள் வீட்டில் இருந்தாராம். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அப்பா நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று வயது. கண் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, கூடவே எரிச்சலாகவும் இருந்தது.

"ஒரு பேனர் வெக்கணும்" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஊர்ல கீற எழவுக்கே போறதில்ல. கண்ணுக்குத் தெரியாத தேசத்துக்குப் பேனரா? யோவ், பாக்கறவங்க சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும். டீக்கட செவுத்துல வெக்கறேன். மாஸ்டராண்ட கேட்டாச்சு. ஆனா சனிக்கெழம ராத்திரிக்குள்ள வந்துடணும்" என்றார். அதென்ன சனிக்கிழமைக் கணக்கு என்று கேட்டேன். "வந்துடணும்னா வந்துடணும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

வாசகத்தை அவர் சொன்னார், நான் போனில் தட்டினேன். அதற்கு முன்னால் அவர் அதை எத்தனை முறை மனதுக்குள் எழுதிப் பார்த்திருப்பாரோ, ஒரு இடத்திலும் திக்கவில்லை.

'எழுத்தறியாத உழைப்பாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். போராடிச் சிறை சென்றவர். நான்கு முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தன்னோடு சிறையில் இருந்த தோழனையே தள்ளிவைத்த தவறும் இவருக்கு உண்டு. அதை மறைக்காமல் இந்த அஞ்சலியைச் செலுத்துகிறோம்.'

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜனாதிபதி தவறு செய்தார் என்று அப்பா வாயிலிருந்து நான் கேட்பது அதுதான் முதல் முறை. "ஜெயில்ல போட்டாருனு போடலாமா நைனா? அதான் சரி" என்றேன், டீச்சர் புத்தி.

"தள்ளிவெச்சாருன்னே போடு."

அப்போது எனக்கு உறைக்கவில்லை. மண்டையில் மண்தான்.

மறுநாள் இடைவேளையில், ஓய்வறையில் டீ ஆறுவதற்குள், அம்பத்தூர் பிளெக்ஸ் கடைக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நோட்டிலிருந்து போட்டோ எடுத்த ஜனாதிபதி, தொப்பியோடு, கறுப்பு வெள்ளையில். கீழே அஞ்சலி செலுத்துபவர் என்று வட்டத்தில் போடுவதற்கு அப்பா படம், ஒரு கல்யாணத்தில் எடுத்தது, நெற்றியில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார். ஜனாதிபதி பெயர், நாட்டின் பெயர், அப்பா பெயர், வாசகம். இறந்தவர் யார், எந்தப் படம் பெரிது, எது சின்னது என்று எழுதினேனா? எழுதவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் கடைக்காரர் மாதிரிப் படம் அனுப்பினார். விடைத்தாள் கட்டுக்கு நடுவில் இருந்தேன். திறந்து பார்க்காமலே கட்டைவிரல் படத்தைப் போட்டேன். ராத்திரி பிளெக்ஸ் கடைப் பையன்களே கொண்டுபோய்ச் சுவரில் கட்டிவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் போட்ட கட்டைவிரல்களிலேயே அதுதான் பெரிய கட்டைவிரல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு முதல் போன். பட்டறையில் அப்பாவோடு இருந்த ஒருவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்கம்மா?" என்றார்.

"எத எடுக்கறது?"

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பிறகு, "மனச தேத்திக்கோம்மா" என்று வைத்துவிட்டார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு போன். நான்காவதாக ஒரு படம் வந்தது.

மேகக் கூட்டம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் புறா. எரிகிற விளக்கு. 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் ஆளுயரத்துக்கு, சந்தனப் பொட்டும் சிரிப்புமாக, என் அப்பா. அடியில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். மேலே மூலையில், நம் ஊர்ப் பேனர்களில் கட்சித் தலைவர்கள் உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்ன வட்டத்தில், ஜனாதிபதி. அவர் பெயரும் நாடும் எறும்பு ஊர்வது போல அதன் கீழே.

கடைக்காரரைத் திட்டவும் முடியாது. பாடியில் செத்துப்போனவர் பாடிக்காரராகத்தான் இருப்பார். தொப்பி வைத்த வெள்ளைக்காரர், இறந்தவர் பின்பற்றிய தலைவராகத்தான் இருப்பார். இப்படித்தானே நாம் எல்லாரும் பேனர் வைக்கிறோம். வாசகத்திலும் ஒரு சந்தேகத்துக்கு இடமில்லை. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், ஆமாம். சிறை சென்றவர், ஆமாம். நான்கு முறை தலைவர், ஆமாம். பார்த்தவர்கள் யாருக்கும் இதில் ஒரு பிழையும் தெரிந்திருக்காது.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் போனை நீட்டினேன். முதலில் சிரித்தார். "நல்லாத்தான் கீறேன்" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசகத்தைப் படித்தார். தன் முகத்துக்குக் கீழே அந்த நான்காவது வரிக்கு வந்ததும் கை நின்றது.

"மாஸ்டர் கட தொறந்துட்டாரா?"

"இல்ல நைனா. அவரு ஊட்டுல விசேஷம், ரெண்டு நாள் கட லீவுனு நீதான சொன்ன?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமல்ல" என்றார் அப்பா. "அவன் வருவான்ல."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தச் சுவர், சனிக்கிழமைக் கெடு, தள்ளிவைத்த என்கிற சொல். பதினேழு வருஷமாக நேரில் சொல்ல வாய் வராததை, செத்துப்போன ஒரு ஜனாதிபதியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மாமாவுக்குச் சொல்லப் பார்த்திருக்கிறார் என் அப்பா. படித்துவிட்டு மாமாவாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால், அது அந்த நாட்டுக் கதை, நமக்கென்ன. அப்படி ஒரு சாமர்த்தியம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷரை என்ன செய்வது என்றுதான் தோன்றியது. குனிந்து அவர் தலையைத் தடவிவிட்டேன்.

வாசலில் ஆட்டோ நின்றது.

மாமா இறங்கினார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பெரிய ரோஜா மாலை. மூங்கில், பந்தல், கூட்டம் எதுவுமில்லாத எங்கள் வாசலைப் பார்த்துக் குழம்பி, நொண்டிக்கொண்டு கேட்டைத் தள்ளி உள்ளே வந்தார். கூடத்தில் இட்லித் தட்டோடு அப்பா எழுந்து நின்றார். மாமா அப்படியே நின்றார்.

"கீறியா?"

"கீறேன்" என்றார் அப்பா.

"அட கஸ்மாலம்! பொயச்சுகினுதான் கீறியா? பாடிலேர்ந்து அயுதுகினே வர்றேன்யா! அந்த ஆட்டோக்காரன் பாவப்பட்டு துட்டே வாங்கல!"  மாலையை வீசப் போனவர், எங்கே வீசுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா ஓடி வந்தாள். "அண்ணே, உங்க கால்ல உயறேன், அந்த மாலைய உள்ள எடுத்துகினு வராதீங்கண்ணே." மாமா மாலையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"கட பூட்டிக்கீது. சரி, திரும்பிடலாம்னு பாத்தா செவுத்துல நீ. முயுசும் படிச்சேன் மாமே. அந்தக் கடசி வரிக்கு முன்னாடி வரிய நாலு தபா படிச்சேன். கூட ஜெயில்ல இருந்தவன தள்ளிவெச்சது தப்புனு..." மாமா தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "இத்த உசுரோட கீறப்போ சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா? எயுதி வெச்சிட்டுப் பூட்டியேனு நெனச்சேன்யா."

நான் குறுக்கே புகுந்தேன். பிழை என்னுடையது, நான்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். "மாமா, அது வந்து, படம் மாறிப்போச்சு. அந்த ஜனாதிபதி செத்துட்டாரு. அந்த வரியெல்லாம் அவருக்கு..."

அப்பா கையை உயர்த்தினார். இட்லி ஒட்டிய கை.

தப்பித்துக்கொள்ள வழி திறந்தே இருந்தது, அதை நானே திறந்து வைத்திருந்தேன். பதினேழு வருஷமாக அப்பா எடுத்த வழியும் அதுதான். உனக்கு அரசியல் புரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா சொல்றா உன் பொண்ணு? அந்த வரி யாருக்கு எயுதினது?"

அப்பா வாசற்படிக்கு வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செவுத்துல பெரிய படம் யாருது?"

"உன்னுது."

"அப்ப எனக்குத்தான் எயுதினது."

மாமா கேட்டில் தொங்கிய மாலையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ செத்துப்போனானே உன் ஜனாதிபதி, அவனுக்கு?" என்றார்.

"அவன் உள்ள தள்ளின அச்சுக்காரன் அந்த ஊர்ல கீறான்ல" என்றார் அப்பா. "அவனாண்ட தப்புனு ஒரு வார்த்த சொல்லாமலே செத்துப் பூட்டான் ஜனாதிபதி."

அம்மா இன்னொரு தட்டில் நான்கு இட்லி வைத்து எடுத்து வந்தாள்.